உருளைக்கிழங்கிடம் ஒரு மன்னிப்பு

மனநோயாளிகளை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹேல் ஊரில் நோயாளி என்று யாரும் சொல்வதில்லை. "எங்க வீட்டாள்" என்பார்கள். கோதலீவ் கல்யாணமாகி வந்தபோதே எமீல் அந்த வீட்டாள். மாமியார் கண்மூடிய பிறகு, கடவுள் ஒப்படைத்த ஆள் என்று இருபத்து மூன்று வருஷமாக அவளே பார்த்துக்கொள்கிறாள். உருளைக்கிழங்கு சீவுவது எமீலின் வேலை. ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கத்தி வைப்பார். அதனால் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு.

அவருக்கு என்ன நோய் என்று அவள் கேட்டதே இல்லை. முகம் வாடியிருந்தால், "இன்னைக்கு மப்பும் மந்தாரமுமா இருக்கு" என்று காபியில் சர்க்கரைக்கட்டி ஒன்று கூடப் போடுவாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாள் வந்தது. பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, பிரமை, சமூக விலகல் என்று இருபது நோய்ப் பேர்கள், கீழே விளக்கத்தோடு. இருப்பதற்கெல்லாம் கோடு போட வேண்டும். பத்தைத் தாண்டினால் எமீலை ஆஸ்பத்திரிக்கே அழைத்துக்கொள்வார்களாம். எமீலை அனுப்ப கோதலீவுக்கு மனசில்லை. ஆனாலும் மாதா பார்க்கப் பொய்க்கோடு போட முடியுமா? உள்ளபடி போட்டாள். பதினொன்று.

ஜெபமாலையோடு உட்கார்ந்தவளுக்கு ஜன்னல் வழியே கணவர் ரிக் தெரிந்தார். வேலித் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாத அண்ணனைப் பற்றிப் பந்தயப் புறாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். பேனாவை மறுபடி எடுத்தாள்.

வியாழக்கிழமை நர்ஸ் ஹில்டே வந்தாள்.

"ரெண்டு வரிசை இருக்கேக்கா. இந்தப் பதிமூணு யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"எனக்கு என்னடி பிரமை?" என்று ரிக் குதித்தார்.

"புறா பதில் சொல்லுதுன்னு நேத்துதானே சொன்னீங்க?"

"அது நெஜமாவே சொல்லுது!"

"கேட்டுக்கங்க ஹில்டேம்மா."

எமீல் கத்தியை நிறுத்தினார். "எங்கிட்ட உருளைக்கெழங்கு ஒண்ணும் சொல்லாது. கெழங்கு எப்படிங்க பேசும்?"

தாளின் அடியில், 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில் கோதலீவ் எழுதியிருந்தாள்: 'எமீல் தப்புச் செய்தால் எங்களிடமும் மன்னிப்புக் கேட்பார். என் கணவர் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.'

ஹில்டே டாக்டருக்குப் போன் போட்டு அதை வாசித்தாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம். பிறகு போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எமீல் இங்கேயே இருக்கட்டுமாம். அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரையும் பாக்கணும்கிறாரு."

கோதலீவ் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சாப்பாட்டில் ரிக் கிழங்கை முள்கரண்டியால் குத்தும்போது, "மன்னிச்சுக்க" என்று முனகினார். கிழங்கிடமா, தன்னிடமா என்று கோதலீவ் கேட்கவில்லை. எமீல் தட்டில் இன்னும் இரண்டு வைத்தாள்.