ஏற்றாத முந்நூறு கிலோ

1. மேஜைமேல் ஒரு ரம்புட்டான்

சாரல் பிடித்த ஒரு திங்கட்கிழமை காலை. ஒர்க்ஷாப் ஷட்டரைத் தூக்கிவிட்டு டீ கிளாஸைக் கையில் எடுத்திருந்தேன். ஜெயராணி பிக்கப்பை வாசலில் நிறுத்திவிட்டு நேரே உள்ளே வந்து, ஜாப் கார்டு எழுதும் என் மேஜைமேல் ஒரு ரம்புட்டான் ஒட்டுச்செடியை வைத்தார். பையைப் பிரித்ததும் வேரைக் கவ்வியிருந்த மண் இரண்டாகப் பிளந்து, என் நோட்டுமேல் கொட்டியது.

"பாத்தியளா அண்ணாச்சி? முப்பது செடி இந்த லட்சணத்துல போயி எறங்கியிருக்கு. நீங்க புது ஸ்பிரிங் மாட்டின பொறவுதான் இப்படி."

ஜெயராணிக்கு இலஞ்சியில் நர்சரி. ரம்புட்டான், மங்குஸ்தான், மா என்று எல்லா ஒட்டுச்செடியும் அவர் கையாலேயே கட்டுவார். ஒட்டுச்செடியில் உயிர் இருப்பது வேர்மண்ணில்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மண் உடைந்தால் சின்ன வேரெல்லாம் அறுந்துபோகும். நட்ட பத்தாம் நாள் இலை கருகும்.

பழைய குற்றாலம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பெரிய தோப்புக்கு நாலு லோடு செடி கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். சாரல் நிற்பதற்குள் நட்டாக வேண்டும். முதல் லோடிலேயே முப்பது செடி உடைந்ததைப் பார்த்த தோப்பு மேனேஜர், வெள்ளிக்கிழமை வரும் இரண்டாவது லோடும் இப்படி இருந்தால் மிச்சத்தைக் கேரளாவிலிருந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக வளர்த்த செடிகள். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் அத்தனையும் நர்சரியிலேயே நின்று முற்றிப்போகும். ஜெயராணி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

2. நாங்கள் ஸ்பிரிங் தேர்ந்தெடுத்த அழகு

இதற்கு மூன்று வாரம் முன்னால் அவர் அந்த டபுள் கேபின் பிக்கப்பை செகண்ட்ஸில் வாங்கியிருந்தார். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் லீஃப் ஸ்பிரிங். நாங்கள் லீஃப் ஸ்பிரிங்கைப் பட்டை என்றுதான் சொல்வோம். பழைய ஓனர் என்னத்தை ஏற்றினாரோ, பின்பட்டை வளைவே இல்லாமல் உட்கார்ந்துபோயிருந்தது. செடியை ஏற்றினால் பின்பக்கம் தொங்கி, ஹெட்லைட் தென்னை மரத்தின் உச்சியைக் காட்டும்.

பிக்கப்புக்கு சஸ்பென்ஷன் மாற்ற வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் செல்போனில் ஒரு வீடியோவோடு வருவார்கள். வண்டி இவ்வளவு உயரம் தூக்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேள்வி. ஜெயராணி உயரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. செடி ஆடாமல் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். நல்ல கஸ்டமர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நிரந்தர லோடு எவ்வளவு என்று கேட்டேன். புதுப் பட்டை செட்டுகள் எங்களுக்கு இரண்டு வகையில் வரும். ஒன்று முந்நூறு கிலோவுக்கு, இன்னொன்று அறுநூறுக்கு. எதை மாட்டுவது என்பதற்கு அந்த ஒரு பதில்தான் கணக்கு. அவர் கொஞ்சம் யோசித்து நானூற்றைம்பது என்றார்.

என் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கடைக்கு முன்னால் இருபத்தாறு வருஷம் தென்காசியில் லாரிக்குப் பட்டை கட்டியவன் நான். எந்த லாரி ஓனரும் உண்மை லோடைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. செக்போஸ்டில் குறைத்துச் சொல்லிப் பழகிய வாய், பட்டைக் கடையிலும் குறைத்துத்தான் சொல்லும். பத்து டன் என்று சொன்னால் பதினாலுக்குக் கட்டுவோம். ஆகவே ஜெயராணி நானூற்றைம்பது என்றதும், என் மூளை தானாகவே அதை அறுநூறு ஆக்கிவிட்டது.

என் பார்ட்னர் மைதீன் வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் பாலைவன பிக்கப்புகளுக்கு சஸ்பென்ஷன் போட்டவர். ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று அவர் அப்போதே சொன்னார். என் வாழ்க்கையில் பார்க்காத லோடா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். அறுநூறு செட்டும் அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும் ஆர்டர் போட்டு, வந்ததும் மாட்டி அனுப்பினோம். வாசலைத் தாண்டிப் போன வண்டியைப் பார்த்து மைதீன், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்றார். லோடு ஏறினால் இறங்கிவிடும் என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

3. செடிகளோடு ஓர் ஊர்வலம்

அந்தத் திங்கட்கிழமை நான் முதலில் பழியைப் போட்டது ரோட்டின் மேல். அப்புறம் டயர் காற்றின் மேல். காற்றை நாலு பாயிண்ட் இறக்கினேன். ஷாக்கில் திருகி வைக்கிற நாப் ஒன்று உண்டு, அதை மெதுப்பக்கம் மூன்று கிளிக் திருப்பினேன். பக்கத்து சந்தில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, இப்போது பரவாயில்லை என்றேன்.

ஜெயராணி ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, நீங்க சீட்டுல இருந்து பாக்குதிய. செடி பின்னாலல்லா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம் அவர் பக்கம். செவ்வாய்க்கிழமை அரை லோடு செடியை டிரேக்களில் அடுக்கச் சொல்லி, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். இப்படிப் போவது முறையில்லை, யாரும் என்னைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள். ஜெயராணி வண்டியை ஓட்ட, மைதீன் முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

இலஞ்சியிலிருந்து குற்றாலத்துக்குள் நுழைகிற வரை என் மானம் போகாமல் இருந்தது. சீசன் கூட்டம். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக நடந்து போனவர்கள் எல்லாம், ரம்புட்டான் காட்டுக்கு நடுவே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டூரிஸ்ட் பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கையாட்டினார்கள். சரி என்று நானும் ஒரு கையை எடுத்து ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்பீட் பிரேக்கர்.

பட்டை அசையவே இல்லை. அடி அப்படியே மேலே வந்தது. டிரே எழும்பியது, செடி எழும்பியது, நானும் எழும்பினேன். டிரேயும் செடியும் இறங்கிய பிறகு கடைசியாக நான் இறங்கினேன். அடுத்த ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னாலேயே கேபினைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். இருபத்தாறு வருஷம் பட்டை கட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட லோடு உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"மைதீன், எடை மேடைக்குப் போவோம்" என்றேன். அவர் இறங்கி வந்து, என் தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டார்.

4. சீட்டு சொன்ன உண்மை

இலஞ்சி பக்கம் ஒரு அரிசி ஆலையில் எடை மேடை உண்டு. செடிகளை நர்சரியில் இறக்கிவிட்டு, காலி வண்டியை ஒரு தடவை ஏற்றினோம். மறுபடி நர்சரிக்குப் போய், வழக்கமாக ஏற்றுவது போலவே தண்ணீர் ஊற்றிய செடிகளை டிரேயோடு முழு லோடு அடுக்கிவந்து இன்னொரு தடவை ஏற்றினோம். இரண்டு எடைச் சீட்டையும் வைத்துக் கழித்துப் பார்த்தால் முந்நூறு கிலோ.

நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நானூற்றைம்பது என்று சொன்னீர்களே என்று ஜெயராணியிடம் கேட்டேன். அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு தயக்கம் வந்தது.

"முந்நூறு இருக்கும்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. எங்க தொழில்ல யாரு நூறு செடி கேட்டாலும் பட்டுப்போறதுக்குன்னு பத்து சேத்துத்தான் குடுப்போம். வண்டிக்கு எம்புட்டு சேக்கணும்னு தெரியல. அதான் பாதி சேத்துச் சொன்னேன்."

அவர் செடிக்காரர், சேர்த்துச் சொல்வார். நான் லாரிக்காரன், குறைத்துத்தான் சொல்லியிருப்பார் என்று நானும் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் பழக்கம் இன்னொருவருக்குத் தெரியாது. நானும் ஒரு நூற்றைம்பது சேர்த்ததை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். மைதீன் எடை மேடைக் கம்பியில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

"ரெண்டு பேருமா சேந்து இல்லாத ஆறு மூட்டை சிமெண்ட வண்டியில ஏத்தி வச்சிருக்கிய. அந்தப் பட்டை அத எதிர்பாத்து வெறச்சிக்கிட்டு நிக்கி."

ஜெயராணி முதலில் சிரித்தார், பிறகு நானும். சிரித்து முடித்ததும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. தப்பு என்னுடையது, மாற்றித் தருவதும் என் பொறுப்பு என்று சொன்னேன். அவர் சொன்னது ஒரு தோராயம். அதை அளந்து பார்க்க வேண்டியது என் வேலை.

5. லோடோடு முறுக்கிய போல்ட்

கோயம்புத்தூர் டீலர் முனகினாலும் முந்நூறு கிலோ செட்டைப் பார்சல் பஸ்ஸில் போட்டுவிட்டார். வியாழக்கிழமை காலை வந்தது. மைதீனும் நானும் அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வேலை பார்த்தோம். பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டுகளில் பழையதை மறுபடி மாட்டவில்லை. ஒரு தடவை இழுத்து முறுக்கிய யூ போல்ட் மறுபடி அதே பிடி கொடுக்காது. ஷாக்கும் இந்தப் பட்டைக்கு ஏற்றதாக மாற்றினோம்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது பட்டையின் நுனி வளையங்களில் மாட்டும் கண் போல்ட்டுகளை முழுசாக இறுக்கக் கூடாது. அந்த நிலையில் இறுக்கினால் வளையத்துக்குள் இருக்கும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கையால் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் சொந்த எடையில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்க வேண்டும். நாங்கள் இன்னும் ஒரு படி போனோம். செடியை முழுசாக ஏற்றச் சொல்லி, லோடோடு நிற்கும்போது இறுக்கினோம். ஒர்க்ஷாப் முழுக்க ஈர மண் வாசனை.

வெள்ளிக்கிழமை நானும் தோப்புக்குப் போனேன். இந்தத் தடவை முன்சீட்டில். அதே ஸ்பீட் பிரேக்கர் வந்தது. வண்டி லேசாகக் குனிந்து நிமிர்ந்தது. ஜெயராணி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தோப்புப் பாதையில் உருளைக்கல் வந்தபோது அவர் கை ஸ்டியரிங்கை நெரித்ததை மட்டும் கவனித்தேன்.

மேனேஜர் தானே டிரேயில் கைவிட்டு அங்கங்கே பையைப் பிரித்துப் பார்த்தார். பத்து செடி, இருபது செடி. வேர்மண் கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக நின்றது. மொத்த லோடில் உடைந்தது ஒன்று. அதுவும் இறக்கும்போது என் கையிலிருந்து விழுந்தது. மிச்ச லோடையும் வாரத்துக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஜெயராணி அங்கேயே டெயில்கேட்டில் உட்கார்ந்து சாரலில் நனைந்துகொண்டே சிரித்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

6. இன்றைய ஜாப் கார்டு

எங்கள் கடை ஜாப் கார்டில் இப்போது முதல் வரி எடை மேடை சீட்டு நம்பர். சீட்டு இல்லாமல் பட்டை ஆர்டர் போடுவதில்லை. கஸ்டமர் சத்தியம் பண்ணினாலும் சரி, நானே பண்ணினாலும் சரி. லோடு எவ்வளவு, எந்த ரோடு, வாரத்தில் எத்தனை நாள் காலியாக ஓடும் என்ற மூன்றையும் கேளுங்கள். ஆனால் முதல் கேள்விக்கு மட்டும் மனுஷனிடம் பதில் வாங்காதீர்கள், எடை மேடையிடம் வாங்குங்கள். பொய் சொல்வார்கள் என்பதற்காக இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழில் கற்றுக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. பட்டைக்கு அது தெரியாது.

புதுப் பட்டை மாட்டினால் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டை ஒரு தடவை மறுபடி இறுக்க வேண்டும். நாலு லோடும் கொடுத்து முடித்த பிறகு ஜெயராணி அதற்காக வந்தார். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கார்டை எடுத்துக்கொண்டு கேட்டேன். "ஐந்நூறு இருக்கும்" என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக் கேபினுக்குள் எட்டி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நானூத்தி முப்பத்தெட்டு, அண்ணாச்சி. சேக்காமச் சொல்லுதேன்."

நானும் சேர்க்காமல் எழுதிக்கொண்டேன்.