கேள்விக்குறி அக்கா

லிஃப்ட் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கேள்விக்குறி அக்கா. வைத்தவன் வேறு யாருமில்லை, அங்கேயே மெக்கானிக்காக இருக்கும் கூடப்பிறந்த தம்பிதான். லிஃப்டின் கண்ட்ரோல் போர்டு சீன மொழியில்தான் பேசும். அதைப் படித்து, மெக்கானிக்கின் கையிலிருக்கும் சின்னத் திரையில் நம் மொழியில் காட்டும் புரோகிராம் அவள் எழுதியது. அதில் அடிக்கடி கேள்விக்குறி முளைக்கும்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஒரு சீன எழுத்து மூன்று பைட்டாக, அதாவது மூன்று எண்களாக வரும். போர்டோ செய்தியைத் துண்டு போட்டு அனுப்பும். வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தால் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம்; இரண்டுமே எதற்கும் உதவாது, திரையில் கேள்விக்குறிதான் விழும். முதல் துண்டின் மிச்சத்தைப் பிடித்து வைத்து, அடுத்தது வந்ததும் ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு வாரம் கேட்டாள். மேனேஜர் சாயங்காலத்துக்குள் முடிக்கச் சொன்னார். கஸ்டமர் முன்னால் மானம் போகிறதாம்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. படிக்க முடியாததைக் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமுக்கு ஒரே ஒரு சொல். போட்டாள். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லாமல் திரை துடைத்துவிட்டது போல் ஆனது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவளுக்கும் உள்ளம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

சில நாள் கழித்து, மேசைமேல் ஒரு போர்டை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். 'மின்சாரம் நிறுத்தப்பட்டது' என்றது திரை. போர்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வந்த பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். 'இன்னும் இல்லை' என்று சொல்லும் ஒற்றை எழுத்து வெட்டில் சிக்கி, சத்தமில்லாமல் உதிர்ந்திருந்தது. தம்பி அப்போது மார்க்கெட் பக்கம் ஒரு லிஃப்டில் வேலையாக இருந்தான்.

அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். ஒருவழியாக எடுத்தான்.

"எதுலயும் கை வைக்காத. திரையில பொய் வருது. கரண்ட் இருக்கும்."

இப்போதுதான் போர்டின் மூடியைக் கழற்றுவதாகச் சொன்னான். கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டாள்.

"முன்னெல்லாம் கேள்விக்குறியா வரும், நம்பாம ஒவ்வொரு தடவையும் டெஸ்டர் வச்சுப் பாப்பேன். இப்பதான் சுத்தமா வருதேக்கா. வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அவன் மூடியைத் திரும்பப் பூட்டும் வரை போனை வைக்கவில்லை. பிறகு அந்த ஒரு சொல்லை அழித்தாள்.

மறுநாள் மேனேஜர், மறுபடியும் கேள்விக்குறியா என்று முகம் சுளித்தார்.

"நான் சரிபண்ற வரைக்கும் அது இருக்கட்டும் சார்" என்றாள்.