சதை போடும் மாத்திரை

பனியனைக் கழற்றினேன். அது முதுகோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்ததும் துணி முழுக்க ரத்தப் புள்ளிகள். என் மனைவி மல்லிகா பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, முதுகு பூரா பருவா கீது? வயசுப் புள்ளையா நீ?" என்றாள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சித்தாளாக மண் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, சொந்தமாகக் கட்டட கான்ட்ராக்ட் எடுத்தவன். ஊரப்பாக்கத்தில் விரிசல் இல்லாமல் நிற்கிற வீடுகளில் பல நான் எழுப்பியவை. என்ஜினீயர் போட்ட கணக்கை வாயாலேயே திருத்தியிருக்கிறேன். ஒரே குறை, உடம்பு. ஒட்டிய கன்னம், குச்சிக் கை. வீடு கட்ட வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், ஓரமாக நிற்கும் குண்டு லாரி டிரைவரிடம் "வணக்கம் முதலாளி" என்பார்கள்.

மருந்துக் கடைக்காரர்தான் வழி சொன்னார். "அண்ணாத்த, இந்த மாத்திரைய தெனம் ரெண்டு போடு. ஒரே மாசத்துல கன்னம் உப்பிக்கும்."

உப்பியது. "முதலாளி களை வந்துடுச்சே" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக எட்டு மாதம் விழுங்கினேன்.

பரு வந்ததும் எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். எண்ணெய் வைக்க வைக்க அது தோளுக்கும் மார்புக்கும் பரவியது. மல்லாந்து படுக்க முடியவில்லை.

செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். "எல்லாம் ஒரே அளவுல, ஒரே நேரத்துல வந்திருக்கு. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். சத்து மாத்திரை என்று அட்டையை நீட்டினேன். பின்பக்கம் படித்தவர் முகம் மாறியது.

"இது சத்து இல்லைங்க, ஸ்டீராய்டு" என்றார் (உடம்பு தானே அளவாகச் சுரப்பது, வெளியிலிருந்து மிஞ்சினால் முகம் வீங்கும், பரு வரும்). "ஆனா உடனே நிறுத்தக் கூடாது. நான் எழுதித் தர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

நேராக மருந்துக் கடைக்குப் போய் அட்டையை அவர் மூஞ்சியில் எறிந்தேன். அவர் அசரவில்லை. "குண்டாவணும்னு கேட்டது யாரு? நீதானே? ஆனியா இல்லியா?" என்றார். இன்று நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. அந்த ஆத்திரத்தில் அன்றே மாத்திரையை அடியோடு நிறுத்தினேன். குறைத்துக் குறைத்துச் சாப்பிடச் சொல்ல அந்த டாக்டரம்மா யார் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். வாந்தி வந்தது. கால் மடங்கியது. என் ஆட்களே என்னைத் தூக்கி வேனில் போட்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா வார்டுக்கு வந்து பார்த்தார். "அட்ரீனல் தூங்கிடுச்சு" என்றார் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி). "வெளியில இருந்து வருதேன்னு அது வேலையை விட்டுடுச்சு. நீங்க திடீர்னு நிறுத்தினா உடம்பு என்ன பண்ணும்? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா உயிர் தங்கியிருக்காது." எந்த மாத்திரையைத் தூக்கி எறிந்தேனோ அதே மருந்தை நரம்பில் ஏற்றினார்கள்.

மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து, "முதலாளின்னு கூப்ட்டா இன்னா, கூப்டாங்காட்டி இன்னா? நான் யாரை இட்டுகினு வூட்டுக்குப் போறது?" என்றாள்.

பிறகு மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். பருவுக்கு ஒரு கேப்சூல் (கிருமியையும் வீக்கத்தையும் அடக்குவது), முதுகில் தடவ ஒரு களிம்பு. எண்ணெய் கூடாது, கிள்ளக் கூடாது. பரு அடங்கியது, கறுப்புத் தழும்பு தங்கியது. சதையும் வடிந்தது. உடனே ஊர், "சக்கரையா, இல்ல வேற எதாச்சுமா?" என்று கிசுகிசுத்தது. பேசி முடித்த இரண்டு வேலைகள் கை நழுவிப் போயின.

நடுவயதில் திடீரென்று மார்பும் முதுகும் பருவானால், விழுங்குகிற மாத்திரையை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒல்லியானவனைப் பார்த்து, சதை போடு என்று சொல்லும் வாய்களை மூடச் சொல்லுங்கள்.

என் ஆயுளில் சொன்ன தேதிக்கு வேலையை முடிக்காமல் விட்டதில்லை. அந்தச் சுரப்பியிடம் மட்டும் தேதி வாங்க முடியவில்லை. விழித்துக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இப்போது இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் அணுபுரத்தில் ஒரு கல்யாணத்தில், "இன்னா அண்ணாத்த, இப்டி இளைச்சிட்ட?" என்றான் ஒருவன்.

"இளைக்கல. இதான் நான்" என்றேன்.