நாகேஸ்வரி சொன்ன ‘ஓம்’

தன் வீடு விலைப்படப்போகிற செய்தி நாகேஸ்வரிக்குப் படிக்கட்டில் வைத்துத்தான் தெரியவந்தது. சொன்னவள் பக்கத்து வீட்டு ஜவாஹிறா.

“ஞாயித்துக்கிழம ஒங்கட வீட்ட பாக்க ஆக்கள் வாராங்களாமே. நீங்க எங்க போறீங்க?”

“நான் எங்கையும் போகேல்லையே.”

“ப்ரோக்கர் நவரத்தினம்தான் சொன்னார். கனடாவில ஈக்கிற ஒங்கட மகன் பேசினாராம். நீங்க ஓம் எண்டு சொன்னீங்களாம்.”

வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய முருங்கைக்காயோடு நாகேஸ்வரி அப்படியே நின்றாள். வயது அறுபத்து நாலு. கோட்டையில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளும் காலஞ்சென்ற கணவர் கதிர்காமநாதனும் இரண்டு சம்பளத்தில் கடன் கட்டி மீட்ட தொடர்மாடி வீடு அது. அதை விற்க எப்போது ஓம் என்று சம்மதித்தாள்?

வீட்டுக்குள் வந்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு யோசித்தபோதுதான் பிடிபட்டது. போனில் மறுபக்கம் கதைக்கும்போது இடைக்கிடை ஓம் போடவேண்டும். போடாவிட்டால், “ஹலோ, ஹலோ, அம்மா, நிக்கிறியளோ?” என்று மகன் சீலன் பதறுவான். அதுவும் அந்தத் தூரத்து லைனில் ஒரு சொல் போய்ச்சேரவே மூச்சு விடுகிற நேரம் பிடிக்கும். இங்கை சரியான குளிர், அம்மா. ஓம். சின்னவனுக்குக் காய்ச்சல். ஓம். போன கிழமையும் கொழும்பிலை குண்டு வெடிச்சதெல்லோ. ஓம். நீங்கள் தனிய இருக்கிறது சரியில்லை, வீட்டை வித்துப்போட்டு இங்கை வாங்கோ. ஓம்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. போன் கதையை யார் யார் ஒட்டுக்கேட்கிறார்களோ என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம். ஓம் என்பதைவிடப் பாதுகாப்பான சொல் வேறு இல்லை. கடிதக் காலமென்றால் இந்தக் கூத்து நடந்திராது. கடிதத்தில் யாரும் சும்மா ஓம் எழுதுவதில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு நாள் யோசித்து, மறுப்பதென்றால் மறுத்து, முத்திரை ஒட்டலாம். போன் வந்தபிறகு மகன் கிட்ட வந்துவிட்டான். அவள் சொல்வதுதான் அவனுக்குத் தூரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நவரத்தினம் ஒரு கணவன் மனைவியோடு வந்து செருப்பைக் கழற்றினார். அவர்கள் நேரே பல்கனிக்குப் போய்க் கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“அம்மா, நவரத்தினம் வந்திட்டாரோ?”

அவள் ஓம் என்று வாய் திறந்து, மூடிக்கொண்டாள்.

“ஹலோ? அம்மா? லைன் கட்டாயிட்டுதோ?”

“கட்டாகேல்லை. நான் வீடு விக்கேல்லை, தம்பி.”

“நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்.”

“பொறு, அவரிட்டைக் குடுக்கிறன்.”

ரிசீவரை வாங்கிய நவரத்தினம் நல்ல பிள்ளையாய்த் தலையை ஆட்டத் தொடங்கினார். “ஓம் தம்பி. ஓம். ஓம், ஓம்.”

“இப்ப எதுக்கு ஓம் எண்டனீங்கள்?” என்று கேட்டாள் நாகேஸ்வரி.

நவரத்தினம் விழித்தார். “அவர் கதைக்கிறார், அக்கா. நான் சும்மா கேட்டுக்கொண்டெல்லோ நிக்கிறன்.”

அவள் ரிசீவரைத் திருப்பி வாங்கினாள். “கேட்டியோ சீலன்? உன்ர கணக்குக்கு இவர் இப்ப தன்ர வீட்டையும் வித்துப்போட்டார்.”

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. “குண்டு வெடிச்ச அண்டையிலை இருந்து ரெண்டு நாளா லைன் கிடைக்கேல்லை. நான் வேலைக்கும் போகேல்லை, சாப்பிடவுமில்லை. உங்களுக்கு அது விளங்காது, அம்மா.”

அவளுக்கு விளங்கியது. ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“விளங்குது, அப்பன். எனக்கும் பயம்தான். ஆனா நீ பயப்பிடுறாய் எண்டு நான் குடியெழும்ப ஏலாது. பொலிஸிலை பேர் பதிஞ்சு, செக்பொயின்ரிலை பையைத் திறந்து காட்டி, இந்த ஊரிலை நான் என்ர காலிலை நடக்கிறன். அங்கை வந்தால் நீ வேலையாலை வாறவரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேணும். கிழவியாகிறதெண்டால் நான் இங்கை ஆகிறன்.”

“அப்ப வரவே மாட்டியளோ?”

“வருவன். திரும்பிவாற டிக்கெட்டோடை.”

“சரி. அடுத்த ஞாயிறு எடுக்கிறன்.”

“அடுத்த ஞாயிறு நான் நிக்கமாட்டன். கிராண்ட்பாஸிலை ஜவாஹிறாவின்ர தமையன்ர மகளுக்குக் கலியாணம். திங்கள் எடு.”

எப்போதும் அவன்தான் முதலில் வைப்பான். இன்றைக்கு அவள் வைத்தாள். பிறகு பல்கனியில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

“வீடு விக்கிறதில்லை. வெய்யிலுக்கை வந்தனீங்கள், இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”