வயரைப் புடுங்கினது யாரு?

ரிமோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தால் பேட்டரிகள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் ஓடும். அதில் ஒன்று கட்டாயம் அலமாரிக்கு அடியில்தான் போய்ப் படுத்துக்கொள்ளும். அனுபவத்தில் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதுளையில் என் வீட்டு ஹாலில், நாற்பத்தைந்தைத் தாண்டிய நான், குப்புறப் படுத்து அலமாரிக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தேன். மேலே டிவியில் 'சிக்னல் இல்லை' என்று எழுதியிருந்தது.

"யாருடி வயர புடுங்கினது?" என்று படுத்தபடியே கத்தினேன்.

"யாரும் புடுங்கல. நான் பாட்டுக்கு நாடகம் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் என் மனைவி சாந்தி, உள்ளறையிலிருந்து.

அன்று காலையில்தான் பழைய டிஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஷ்ஷும் ஹாலுக்குப் புது ரிசீவரும் மாட்டியிருந்தேன். பழைய ரிசீவரைச் சாந்திக்கு உள்ளறையில் வைத்துக் கொடுத்தேன். ஆள் கூப்பிட்டுச் செய்யலாமே என்று அவள் சொன்னாள். நானா? எனக்கா ஆள்? கூரையில் ஏறி, பைப்பை நட்டு, அண்ணாந்து கிடக்கிற டிஷ்ஷை அங்கே ஒரு நூல் இங்கே ஒரு நூல் என்று திருப்பி, கீழே ஓடிவந்து பார்த்து, மறுபடி ஏறி, மூன்று மணி நேரம் மாரடித்தேன். வயரின் தோலைச் சீவும்போது உள்ளே இருக்கிற மெல்லிய கம்பி விரலில் ஏறி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். ரிசீவரைச் சுற்றிப் பொதிந்திருந்த வெள்ளை ரெஜிபோம் அட்டையின் வாசனை குப்பென்று வந்தது.

அந்த வாசனை எனக்குப் பழைய சம்பளம் மாதிரி. கல்யாணமான புதிதில் பதுளை பஸாரில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்த்தேன். என்ன வேலை என்றால் பல்பை எடுத்து, எரிகிறதா என்று காட்டி, தாளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. ஆனால் சாயங்கால பஸ்ஸில் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் போய் இறங்கினால் நான் 'இன்ஜினியர்'. லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் காம்பராக்களில், யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் கேலிக்குத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். நான்தான் அதை நம்பிவிட்டேன்.

தொழில்நுட்பம் எனக்கு அப்பா வழி வந்தது. அவர் ரேடியோவையும் எங்களையும் ஒரே மாதிரித்தான் திருத்துவார். கரகரவென்றால் ரேடியோவின் தலையில் ஒரு அறை. எதிர்த்துப் பேசினால் எங்கள் தலையில் ஒரு அறை. ரேடியோ பல சமயம் சரியாகப் பாடியது. நாங்கள் திருந்தவில்லை. ஒன்று வேலை செய்யவில்லையென்றால் அதை அடிக்க வேண்டும் என்பது மட்டும் என் மண்டையில் நன்றாக ஏறிக்கொண்டது.

லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் சாந்தியின் அண்ணன் யோகராஜ். எனக்கு மச்சான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் நாங்கள் திரும்பிப் பார்ப்போம், நாங்கள் சண்டை போட்டால் அவர் இருமிக் காட்டுவார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஆனால் டிவியில் நகைச்சுவைக் காட்சி வந்துவிட்டால் அந்தச் சின்னக் குரல் எங்கே போகுமோ, கூரைத் தகரம் அதிரச் சிரிப்பார். அப்படி ஒரு சிரிப்பை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வருடம் நான் முதல் தடவையாக டிஷ்ஷை மாற்றினேன். மாற்றும்போது மச்சானையும் சேர்த்துக்கொண்டேன். "ஒரே டிஷ் போதும் மச்சான், ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சு விட்டுர்றேன்" என்றேன். கடையிலிருந்து ஒரு ஸ்ப்ளிட்டர் கொண்டுவந்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு இரும்பு டப்பா, ஒரு பக்கம் ஒரு வாய், மறுபக்கம் இரண்டு வாய். டிஷ்ஷிலிருந்து வரும் வயரை ஒற்றை வாயில் மாட்டி, மற்ற இரண்டிலிருந்து ஆளுக்கொரு புது ரிசீவருக்கு வயர் இழுத்துவிட்டேன். டிஷ் அவர் வாசலில் நின்றது. என் வயர் அவர் ஜன்னலைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு டிவியிலும் படம் வந்தபோது லயமே கைதட்டியது. கழற்றிய பழைய டிஷ்ஷின் இரும்புக் கையை இஸ்தோப்புத் திண்ணையில் சாய்த்து வைத்தேன், எதற்காவது உதவும் என்று.

ஒரு வாரம் கழித்து என் படம் போக ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே இருப்பேன், பட்டென்று போய்விடும். ஐந்து நிமிடத்தில் தானாக வரும். வெளியே போய்ப் பார்த்தால் வயர் மச்சான் ஜன்னலோரம் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். மலையில் காற்றுக்கு ஆடாத வயர் எது? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"மச்சான், வயர தொட்டீங்களா?"

"இல்ல மாப்ள. எனக்குந்தான் அப்பப்ப போவுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வீட்டில் போகிறதாம்! இன்ஜினியர் போட்ட வயரில் குறை சொல்கிறார் பார் என்று சாந்தியிடம் குதித்தேன். அவள் அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசினாள். ஒரு அறை கொடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கிரிக்கெட்டில் ஒரு பெரிய இறுதிப் போட்டி. புது ரிசீவரில் பந்தின் தையல்கூடத் தெரியும் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் காம்பராவுக்குள் இருபது பேர், ஜன்னலில் பத்துப் பேர். மச்சானுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அவர் மனைவி கொஸ்லந்தைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் தனியாக உட்கார்ந்து ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை எங்கள் படம் போய் வந்தது. இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசி ஓவர். பந்து போடுகிறவன் ஓடி வருகிறான். பட். 'சிக்னல் இல்லை'.

முப்பது பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்னா இன்ஜினியர், பந்து எங்க?" என்று ஜன்னலிலிருந்து ஒருத்தன் கேட்டான். அதே நொடியில் சுவருக்கு அந்தப்பக்கம் மச்சான் சிரித்தார். தகரம் அதிர்ந்தது.

எப்படி வெளியே போனேன் என்று தெரியாது. கையில் அந்த இரும்புக் கை இருந்தது. மச்சான் பாயில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. "வாங்க மாப்ள" என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இடது காதோடு சேர்த்து இறக்கினேன். அவர் எழுந்தார். இன்னொன்று. அப்போதுதான் அவருக்கே புரிந்திருக்க வேண்டும், என் நெஞ்சில் ஒரு உதை விட்டார், நான் கதவைப் பெயர்த்துக்கொண்டு வாசலில் போய் விழுந்தேன். எழுந்து போய் மறுபடி விழுந்தேன் அவர் மேல். கடித்தேன். என் முன்பல் ஒன்று அவர் முழங்கையில் பட்டு ஒடிந்தது. பிடிக்க வந்தவர்களுக்கும் அடி. டிவி சாய்ந்து தரையில் விழுந்தும் நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நான் தொடவே இல்ல மாப்ள, தொடவே இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். காதிலிருந்து வந்த ரத்தம் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் போனது. சாந்தி ஓடிவந்து நடுவில் விழுந்த பிறகுதான் இரும்பு என் கையை விட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் எட்டுத் தையல். சவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது இனி கேட்காது என்றார்கள். எப்படி நடந்தது என்று போலீஸ்காரர் கேட்டபோது, "ஏணியிலருந்து விழுந்துட்டேங்க, டிஷ் கட்டப் போயி" என்றார் மச்சான். அவருடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். போலீசுக்குப் பொய் சொன்னால் என்ன, எங்களுக்குத் தெரியும் என்று மறுநாள் காலை கவ்வாத்துக் கத்தியோடு என் வாசலுக்கு வந்தார்கள். தேயிலைச் செடியின் கிளையை ஒரே வீச்சில் சீவுகிற கத்தி அது. "அடிச்ச கைய நீட்டுடா" என்றான் மூத்தவன். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கோடரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாந்தி கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். கதவில் முதல் வெட்டு விழுந்தது, பலகை பிளந்து கத்தியின் நுனி உள்ளே தெரிந்தது.

அப்போது வெளியே மச்சானின் சின்னக் குரல் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தலைக்கட்டோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்.

"விடுங்கடா. நான்தான்டா வயர புடுங்கினேன். தப்பு என் மேலதான். அவன தொட்டா நான் இந்த லயத்துல இருக்க மாட்டேன்."

கத்தி இறங்கியது. அன்று பின்னேரம் தோட்டத் தலைவர் முன்னால் மச்சான் அதையே சொல்லிக் கைகூப்பினார். நான் பெரிய மனிதனாக எழுந்து அவர் கையைப் பிடித்து, "பரவாயில்ல, மன்னிச்சிட்டேன் மச்சான்" என்றேன். பார்த்தீர்களா என் பெருந்தன்மையை! ஸ்ப்ளிட்டரைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். அவர் அதற்குப் பிறகு டிவியே வாங்கவில்லை. என் படம் அதற்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? இரண்டு வருடத்தில் பதுளைக்குக் குடிவந்துவிட்டோம்.

அதிலிருந்து பதினைந்து வருடமாக நான் அவரை மன்னித்துக்கொண்டே இருந்தேன். கோயில் திருவிழாவில் மன்னித்தேன். என் மகளின் காதுகுத்தில் எல்லார் முன்னாலும் தோளில் கைபோட்டு மன்னித்தேன். ஒரு கல்யாண வீட்டில் அவருடைய இடப்பக்கம் நின்று கூப்பிட்டேன், அவர் திரும்பவில்லை. "மன்னிச்சும் திமிரு அடங்கலையே" என்று பந்தியில் சத்தம் போட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புது டிஷ்ஷை இரண்டு டிவிக்குப் பிரிக்க எதை எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? பிஸ்கட் டின்னில் இருந்த அதே டப்பாவைத்தான்.

ஒரு பேட்டரி கிடைத்தது, மற்றதற்கு மணிக்கூட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். உள்ளறைக்குப் போனேன், வயர் மாட்டினபடியே இருந்தது. "மாத்து" என்றேன். சாந்தி சேனலை மாற்றினாள். ஹாலில் எனக்குப் படம் வந்தது. "பழையதுக்குப் போ." போனாள். என் படம் போனது. அவளை மறுபடி மாற்றச் சொல்லிவிட்டு நான் வேறொரு சேனலுக்குப் போனேன், உள்ளே அவள், "இப்ப எனக்குப் போயிருச்சு" என்றாள். பத்துத் தடவை செய்தோம். பத்துத் தடவையும் அப்படியே. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. இன்ஜினியர் வாசிக்காமல் மடித்து வைத்த தாள். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எல்என்பி ஒரு நேரத்தில் ஒரு பாதிச் சேனல்களைத்தான் பிடிக்கும். எந்தப் பாதி என்பதை ரிசீவர் வயர் வழியே மின்சாரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்கிறது. இரண்டு ரிசீவர்கள் ஒரே வயரில் பேசினால் கூட்டிச் சொல்கிறது ஜெயிக்கும், மற்றதில் படம் போகும். இரண்டு டிவி என்றால் இரண்டு வாய் உள்ள எல்என்பி போடுங்கள். அவ்வளவுதான், நான்கு வரி, படம் வேறு போட்டிருந்தார்கள்.

அவர் வயரைத் தொடவில்லை. சேனலைத்தான் மாற்றியிருக்கிறார். அவருக்கும் போயிருக்கிறது, நான் மாற்றியபோதெல்லாம்.

"உங்க அண்ணன் புடுங்கலடி" என்றேன்.

"தெரியும். அன்னைக்கே எங்கிட்ட சொல்லிச்சு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

சாந்தி ரிமோட்டைக் கட்டிலில் வைத்தாள். "சொல்லியிருந்தா என்னா பண்ணிருப்பீங்க?" என்று கேட்டாள். பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். லயம் அங்கே இல்லை. மண் சரியும் என்று இடித்துவிட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் நின்றது, அதன் மேல் பூசணிக்கொடி ஓடியிருந்தது. மேட்டில் ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மச்சான் வாசலில் மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

சொன்னேன். தாளையும் எடுத்துக் காட்டினேன். "நீங்க புடுங்கல மச்சான். நான் போட்ட டப்பாதான். என்னையத்தான் நீங்க மன்னிக்கணும்" என்றேன்.

மச்சான் தாளைப் பார்க்கவில்லை. கத்தியைப் பத்திரமாகக் கீழே வைத்தார். கையில் ஒட்டியிருந்த புல்லை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். அப்புறம் என் இடது காதோடு சேர்த்து ஒரு அறை விட்டார் பாருங்கள், நான் புல்கட்டின் மேல் போய் விழுந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. காதுக்குள் ஆயிரம் வண்டு ஒன்றாக இரைந்தது.

"அடிச்சதுக்கு இல்ல மாப்ள" என்றார், அதே சின்னக் குரலில். "அடிச்சத அன்னைக்கே விட்டுட்டேன். மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன்னு ஊரு பூராவும் சொன்னியே. அதுக்கு." கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "இருந்து சாப்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார். கூரையைப் பார்த்தேன், டிஷ் இல்லை. அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது அந்தக் கிரிக்கெட் ஞாயிற்றுக்கிழமைதான்.

பின்னேரப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இடது காதைப் பொத்திக்கொண்டு வந்தேன். இரைச்சல் நிற்கவில்லை. நிற்க வேண்டாம், இருக்கட்டும், இது இருந்தால்தான் சரி என்று நினைத்துக்கொண்டேன். பசறை வந்தபோது காதிலிருந்து கையை எடுத்தேன். கொண்டக்டர் என் இடப்பக்கம் நின்று, "எங்க எறங்குறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் காதிலேயே தெளிவாகக் கேட்டது.