ஒரகடத்தில் தேன் விற்ற கதை

தேனீ கொட்டினால் வீக்கம் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வடிந்துவிடும். தேன் வாங்க வருகிறவர் கேட்டுவிட்டுப் போகும் கேள்விதான் வாரக்கணக்கில் உறுத்தும். நாட்டுக்கோழி முட்டை, செக்கு எண்ணெய், பசும்பால் என்று எதையாவது வீட்டில் வைத்து விற்று, "ஒரிஜினல்தானே?" என்பதற்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுபோன என் சக பாவிகளுக்கு இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. செல்போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டதும் வேலையை விட்டேன். தேனீ வளர்ப்புக்கு ஒரு சின்னப் பயிற்சி எடுத்துக்கொண்டு, வல்லக்கோட்டை பக்கம் எங்களுக்கு இருந்த முருங்கைத் தோப்பில் பெட்டிகள் வைத்தேன். கணவர் அருள் இன்னமும் ஷிஃப்ட் வேலைதான். லைனில் எனக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். இங்கே பாட்டில் வாங்குகிற ஒவ்வொருவருமே சூப்பர்வைசர் என்பது தொழிலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மூன்று டெஸ்ட்டு

கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தேன் வாங்க வந்தார். கையில் தீப்பெட்டி, கண்ணாடி டம்ளர். போனில் வீடியோ பார்த்துத் தயாராகியே வந்திருந்தார். தீக்குச்சியைத் தேனில் முக்கிக் கிழித்தார், எரிந்தது. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார், கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. இதெல்லாம் சர்க்கரைப் பாகுக்கும் நடக்கும் சார் என்று சொல்ல வாய்வரை வந்தது, வியாபாரம் கெடுமே என்று மூடிக்கொண்டேன்.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு நாய் வேண்டுமாம். சுத்தமான தேனை நாய் தொடாதாம். எங்கள் டைகர் முன்னால் கொஞ்சம் ஊற்றினார். அது நக்கித் தீர்த்துவிட்டு அவர் விரலையும் நக்கியது. சார், இது என் செருப்பையே தின்னும் என்றேன். அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி யோசித்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு டெஸ்ட்டு பாஸு, ஒண்ணு ஃபெயிலு. எங்க லைன்ல இதுமாதிரி வந்தா ரீவொர்க்குக்கு அனுப்பிடுவோம். சரி பரவால்ல, அரை கிலோ போடுங்க."

இனிப்பு இல்லாமல்

மறைமலை நகரிலிருந்து ஒரு பெரியவர் பஸ் மாறி வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். சர்க்கரை இல்லாத தேன் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒரு தேனீ இன்னும் பிறக்கவில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்தவரைச் சும்மா அனுப்ப மனம் வராமல், வேப்பம்பூ சீசனில் எடுத்த தேனை ஒரு சொட்டு கையில் விட்டேன். அது பின்நாக்கில் லேசாகக் கசக்கும். அவர் கண்ணை மூடிச் சப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இது நல்லா கீதும்மா, கசப்பு சரியா கீது. ஆனா கூடவே கொஞ்சம் இனிப்பையும் கலந்து வெச்சிகீற. அத்த எடுத்துட்டு மீதிய குடு."

முகம் தெரியணும்

ஒரு கார் கம்பெனியிலிருந்து தீபாவளிப் பரிசுக்குத் தேன் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். இளம் எச்.ஆர். அதிகாரி, ஒரு போட்டோக்காரர், கூடவே ஒரு பெண். பெண் தொழில்முனைவோர் என்று என்னைப் படம் எடுத்துக் காலண்டரில் போடப்போகிறார்களாம். எல்லா பாட்டிலும் ஒரே நிறத்தில் வேண்டும் என்றார்கள். பூவுக்குப் பூ நிறம் மாறும் என்றேன். எங்கள் பெயின்ட் ஷாப்பில் எல்லா காரும் ஒரே நிறமாக வருகிறதே என்றார் எச்.ஆர்.

பெட்டிகள் பக்கத்தில் படம் எடுக்கும்போது, முகவலையைக் கழற்றுங்கள், முகம் தெரியவில்லை என்றார் எச்.ஆர். நானும் கழற்றினேன். எனக்குப் பழக்கம். அவரும் படத்துக்கு என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையில் அடித்திருந்த சென்ட்டு என் மூக்கையே அறுத்தது, ஈக்களைக் கேட்க வேண்டுமா? சென்ட்டு போட்டவர் பெட்டிப் பக்கம் வரக் கூடாது என்று வந்ததுமே சொல்லியிருந்தேன். அவருக்கு மேலுதட்டில் ஒன்று, இமையில் ஒன்று கொட்டின. கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, மூச்சு சரியாக விடுகிறாரா என்று பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வண்டி கூப்பிடட்டுமா என்றேன். அவர் வீங்கிய உதட்டோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மேடம். டூட்டி நேரத்துல அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சா, விபத்தில்லா நாட்கள்னு கேட்டுல போர்டு வெச்சிருக்கோம், அது பூஜ்ஜியத்துக்கு வந்துடும்."

கேட்டுல சொல்லணும்

தோப்பை ஒட்டிய வயல் லேஅவுட் ஆனது. மனை விற்கும்போது புரோக்கர், வருகிறவர்களுக்கெல்லாம் என் பெட்டிகளைக் காட்டி, பக்கத்திலேயே இயற்கை சார் என்றார். வீடுகள் வந்தன, காம்பவுண்டு வந்தது, கேட் வந்தது. இயற்கை பறந்து அவர்கள் பால்கனிக்குப் போனதும் புகார் வந்தது. கொசுவுக்கோ பூச்சிக்கோ மருந்து அடிப்பதாக இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள், பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள், நான் பெட்டியை மூடி வைக்கிறேன் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல், நல்ல வெயிலில், பூத்து நின்ற வேலிச்செடி மேலேயே அடித்தார்கள். போன ஈக்கள் திரும்பி வந்து பெட்டி வாசலில் விழுந்து, மல்லாந்து, சுற்றிச் சுற்றி வந்து அடங்கின. உள்ளே போனவை அங்கேயும் செத்தன. ஷிஃப்ட் முடிந்து வந்த அருள் யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் என்னோடு உட்கார்ந்து கூட்டி அள்ளினார். பாதிப் பெட்டிகள் காலி. மிச்சத்தையும் அடுத்த முறை அடித்துவிடுவார்கள் என்று தெரிந்தது.

அள்ளியதை முறத்தோடு கொண்டுபோய்ச் செயலாளர் வீட்டு சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். இதில் எது சார் கொசு, எடுத்துக் காட்டுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே பார்த்து எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார்: "வெளி ஆளுங்க யாரு வந்தாலும் கேட்டுல சொல்லிட்டுத்தான்மா உள்ள வரணும். அது ஆளுக்கும் ஈக்கும் பொதுவான ரூல்." காபியை நான் குடிக்கவில்லை.

புது இடம்

பெட்டியைப் பக்கத்துத் தோப்புக்கு மாற்றினால் ஈ பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நிற்கும். நாலைந்து ஊர் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தத் தொலைவில் கேட்ட இடமெல்லாம் மனை போட்டாயிற்று, அல்லது போடப்போகிறார்கள். மிஞ்சியது எங்கள் சர்ச்சின், அதாவது பங்குக் கோயிலின், கல்லறைத் தோட்டம். புங்கமரமும் வேப்பமரமும் நிறைய, மருந்து அடிக்க யாரும் இல்லை. பங்குச் சாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சொன்னார்: "வெச்சிக்கோம்மா. கல்லறைத் திருநாள் அன்னிக்கு மட்டும் தீர்த்தம் தெளிச்சி மந்திரிக்க வர்ற என்னைக் கொட்டாம பாத்துக்கோ."

புங்கம்பூ முடிவதற்குள் ஈக்கள் தேறிவிட்டன, தேனும் வந்தது. எங்கே எடுத்தது என்று கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. சிலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார்கள். இந்தத் தேனோடு தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அருளும் நானும் பேசிக்கொண்டிருந்த அன்று சாயங்காலம், ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் லூர்து அக்கா வேலை முடிந்து வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு அங்கதான் படுத்துகினு கீறாரு ஜெசி. இருந்த வரைக்கும் எங்கிட்ட இனிப்பா ஒரு வார்த்த பேசுனதில்ல. இப்பனா அவரு தலமாட்டுப் பூவுலேர்ந்து எதுனா வரட்டும். ரெண்டு பாட்டில் போடு."

என் தேனில் குறை சொல்லாத ஒரு கூட்டம் இந்த வட்டாரத்தில் இருக்கிறதென்றால் அது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறது. என்ன செய்ய, அவர்கள் தேன் வாங்குவதில்லை.