ஜாலி என்றால் இரக்கம்

மாம்பழத் தோல் மூன்று நாள் குவியலாகக் கிடந்து புளித்தால் எழும் வாடையில் பாதி கள், பாதி வாந்தி. சித்தூரில் ஆனி மாதம் முழுக்க நாங்கள் இழுத்த மூச்சு அதுதான். அந்த வாடையை வைத்து முப்பது வருடமாக ஒரு துணுக்குச் சொல்லி மேடைதோறும் கைத்தட்டல் வாங்கி வந்தவன் நான். போன மாதம் திருப்பதியில் ஒரு பள்ளி விழாவில் அதையே சொன்னேன். யாரைப் பற்றிய துணுக்கோ அந்த ஆளே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். இந்த அசிங்கத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

துணுக்கின் கதை இது. ஆறாம் வகுப்பு, தெலுங்குப் பள்ளி. எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ்; அப்பா வாசற்படிக்கு உள்ளே 'நைனா', வகுப்பில் 'நான்னகாரு'. என் பெஞ்சில் முனிரத்தினம் என்று ஒருவன். அவன் அம்மாவுக்கு 'ஜூஸ் பேக்டரி'யில் மாம்பழம் சீவும் வேலை. காலையில் அவளோடு தோல் கூடைகளைத் தூக்கிக் கொட்டிவிட்டு அப்படியே பள்ளிக்கு வருவான். சட்டையில் அந்த வாடையும், காதருகே துணைக்கு இரண்டு ஈக்களும் வரும். நான்கு பேர் உட்கார்ந்த பெஞ்சு ஒரே வாரத்தில் அவன் ஒருவனுக்கே சொந்தமாயிற்று. முதலில் எழுந்து போனவன் நான். "தள்ளிக் குந்துடா ஈரத்தினம், கொமட்டிக்கினு வருது" என்பேன். ஈரத்தினம் என்ற பெயர் என் முதல் இலக்கியப் படைப்பு. இன்றுவரை அந்த அளவுக்கு வேறெதுவும் பரவவில்லை. அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நாங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் ஆசிரியப் பயிற்சிக்காகத் திருப்பதியிலிருந்து சரளா டீச்சர் வந்தார். அட்டையில் ஒரு 'மனசு கடியாரம்' செய்து சுவரில் மாட்டினார். எண்களுக்குப் பதில் முகங்கள்: சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு. தினம் ஒரு பிள்ளை போய் முள்ளைத் தன் முகத்துக்குத் திருப்பி, காரணம் சொல்ல வேண்டும். எல்லோரும் சந்தோஷத்திலேயே வைத்தோம். காரணம் கேட்டால் "அன்னம் தின்னேன் டீச்சர்" என்று தப்பித்துக்கொள்ளலாம்.

பயிற்சியின் கடைசி நாள். டீச்சருக்கு மதிப்பெண் போட அவருடைய கல்லூரியிலிருந்து ஒரு பெரியவர் வந்து பின்பெஞ்சில் அமர்ந்தார். முனிரத்தினத்தின் முறை. அவன் முள்ளைத் துக்கத்தில் வைத்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, "நா பக்கன எவரூ கூர்ச்சோரு டீச்சர்" என்றான். என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

அந்தப் பள்ளியில் நான் கேட்ட ஒரே உண்மை அதுதான். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நேராக என்னை எழுப்பினார். அவன் பெஞ்சில் இருந்தவன் நான் என்று அவருக்குத் தெரியும். நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், அப்படியே என்னை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. இதைக் கேட்டால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு, பாதி விடையையும் எடுத்துக் கொடுத்தார்: "ஜா..."

"ஜாலிகா உந்தி டீச்சர்!" என்றேன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. தெலுங்கில் 'ஜாலி' என்றால் இரக்கம், 'உந்தி' என்றால் இருக்கிறது. தமிழில் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல் தெலுங்கு, பல் தமிழ். வகுப்பே உருண்டு சிரித்தது.

மேடையில் இங்கே நிறுத்தி, "பாவம், பொடியனுக்கு மொழிக் குழப்பம்!" என்பேன். கைத்தட்டல். மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. முனிரத்தினம் இடத்துக்குத் திரும்பும் முன், முள்ளைத் தன் கையாலேயே சந்தோஷத்துக்கு நகர்த்தி வைத்தான். திங்கட்கிழமை அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

இன்று அந்தப் பள்ளி இருந்த இடத்தில் செல்போன் கடைகள். பேக்டரியும் ஊருக்கு வெளியே போய்விட்டது. தெருவில் வாடை இல்லை. மனசு கடியாரம் மட்டும் அழியவில்லை. திருப்பதிப் பள்ளியில் வகுப்புக்கு ஒன்றாக மஞ்சள் முகங்கள் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். நெஞ்சைத் திற என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஜந்துக்களை என்ன செய்வதென்று எந்த அட்டையிலும் இல்லை.

விழா முடிந்ததும் அவன் வந்தான். வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை, சென்ட் கொஞ்சம் தூக்கல். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறானாம்; கடைசிப் பெண் அந்தப் பள்ளியில் படிக்கிறாள். "முனி!" என்று எழுந்து, பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. "அன்னிக்கி எனக்கு அந்த வார்த்தைதான் குழம்பிப்போச்சு முனி, வேற ஒண்ணும் இல்ல" என்றேன், வியர்த்துக்கொண்டே.

அதே பழைய சிரிப்பைச் சிரித்தான்.

"அது எப்பிடிபா கொழம்பும்? நம்ம கிளாசுல தெலுங்குல பஸ்ட் மார்க்கு நீதான?"